மூன்றாம் பாகம் முதலில் கிடைத்தால்: தொடர் நாவல்களை எந்த வரிசையில் படிப்பது?

ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது நூலகத்தில் ‘பொன்னியின் செல்வன்’ தேடினேன். ஐந்து பாகங்களில் மூன்றாம் பாகம் மட்டும்தான் அலமாரியில் இருந்தது. மற்றவற்றை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லை. ‘கொலை வாள்’ என்ற அந்தப் பாகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாட்களில் முடித்துவிட்டேன். கதை புரிந்தது, பிடித்தும் இருந்தது. எதை இழந்தேன் என்பது பல வாரங்கள் கழித்து, இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ கையில் கிடைத்தபோதுதான் தெரிந்தது. நடுக்கடலில் புயல். கப்பல் தத்தளிக்கிறது. யார் கரை சேர்வார், யாரைக் கடல் கொண்டுபோகும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது. நானோ பதற்றமே இல்லாமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாகத்தின் முதல் அத்தியாயத்துக்கே ‘கோடிக்கரையில்’ என்று பெயர். புயலுக்குப் பின் என்ன ஆயிற்று என்பது எனக்கு முன்பே தெரிந்துபோயிருந்தது. அந்தப் பதற்றம் எனக்கு இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது.

ஒரு நாவலை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். முதல்முறையாக ஒரே ஒரு தடவைதான் படிக்க முடியும். அதனால்தான், புதிதாகப் படிக்க வருகிறவர் கேட்டால், “ஏதாவது ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்” என்று போகிறபோக்கில் என்னால் சொல்லிவிட முடிவதில்லை. அதே சமயம், எந்தத் தொடரானாலும் ஒன்றாம் எண்ணிலிருந்துதான் தொட வேண்டும் என்ற பிடிவாதம் நல்ல வாசகர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். வரிசை உயிர்நாடியாக இருக்கும் தொடர்களும் உண்டு. பொருட்டே இல்லாத தொடர்களும் உண்டு. எது எப்படி என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

முதல் வேலை: கையில் இருப்பது எந்த வகைத் தொடர்?

தலைப்புப் பக்கத்தில் ‘பாகம்’ என்ற சொல் இருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. அது ஒரே கதை. ‘சிவகாமியின் சபதம்’ நான்கு பாகம், ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். முதல் பாகத்தில் தொடங்கிக் கடைசிப் பாகத்தில் முடிக்க வேண்டும். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியானதால் அதை மூன்று நாவல்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார். தொகுதிகளாகப் பிரிந்தது பதிப்பாளரின் செலவுக் கணக்கால். இரண்டாம் தொகுதியிலிருந்து தொடங்குவதும் ஒரு நாவலை நடுவில் பிரித்து வைத்துக்கொண்டு படிப்பதும் ஒன்றுதான்.

அடுத்த வகை, பாத்திரங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வரும் தொடர். பெரும்பாலும் துப்பறியும் கதைகள். ஒரு குற்றம் நடக்கும், துப்புத் துலங்கும், அந்தப் புத்தகத்தோடு அந்தக் கதை தீர்ந்துவிடும். சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளில் எதை எடுத்தாலும் இரண்டாம் பக்கத்துக்குள் உள்ளே போய்விடலாம். ஆரம்பக் கதைகளில் கணேஷ் தனியாகத்தான் வருவார். வசந்த் பிறகுதான் வந்து சேர்கிறார். ‘நைலான் கயிறு’ படிக்கும்போது வசந்த்தைத் தேட வேண்டாம் என்பதைத் தவிர, அந்தத் தொடருக்கு வரிசைப்படி சொல்ல வேண்டிய எச்சரிக்கை எனக்கு வேறு தோன்றவில்லை.

மூன்றாவது வகையில் பொதுவாக இருப்பது உலகம் மட்டுமே. டெர்ரி பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்ட்’ நாவல்கள் 41. முதலாவது 1983இல், கடைசி 2015இல் வெளிவந்தன. எண்ணிக்கையைப் பார்த்ததும் மலைப்பு வரும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் பல சிறு தொடர்கள் ஒரே உலகத்தில் பின்னிக் கிடக்கின்றன: நகரக் காவலர்களின் கதை ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ நாவலில் தொடங்குகிறது, மரண தேவனை மையமாகக் கொண்டவை ‘மார்ட்’ நாவலில். ஒரு சரட்டைத் தேர்ந்தெடுத்து அதற்குள் மட்டும் வரிசையைக் காப்பாற்றினால் போதும். 41 என்ற எண்ணை மறந்துவிடலாம்.

இந்த வகைகளுக்கு நடுவே வழுக்கிவிழும் தொடர்களும் உண்டு. ஹாரி பாட்டர் ஏழு புத்தகங்களில் (1997 முதல் 2007 வரை) ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளி ஆண்டு, அந்த ஆண்டுக்கான ஒரு மர்மம். மேலோட்டமாகப் பார்த்தால் தனித்தனிக் கதைகள்போல இருக்கும். போகப் போகத்தான் ஏழும் ஒரே கதை என்பது தெரியும். அதனால் அட்டையை மட்டும் நம்பாமல் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தொடரின் நடுவிலுள்ள ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து முதல் நாலைந்து பக்கங்களை மட்டும் படியுங்கள். நாயகரை ஆசிரியர் உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறாரா, அல்லது உங்களுக்கு அவரை ஏற்கெனவே தெரியும் என்பதுபோல எழுதுகிறாரா? முன்பு நடந்த ஒரு சாவையோ பிரிவையோ பெயர் சொல்லாமல் ‘அது’ என்று குறிப்பிட்டுவிட்டு நகர்ந்தால், அந்தப் புத்தகத்தை உடனே மூடி வைத்துவிட்டு முதலாவதைத் தேடுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். சோதனைக்காகப் பார்த்த கடைசிப் பக்கம் கண்ணை விட்டுப் போகாது.

ஆண்டைப் பார்ப்பது எப்படி

வகை தெரிந்ததும் எது முதலில் வெளிவந்தது என்று பார்க்க வேண்டும். பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தில் ஆண்டு இருக்கும். தமிழ்ப் புத்தகங்களில் இங்கே ஒரு பள்ளம் உண்டு. ‘முதற்பதிப்பு’ என்று போட்டிருப்பது பல சமயம் அந்தப் பதிப்பகம் வெளியிட்ட முதற்பதிப்பு மட்டுமே. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் பல பதிப்பகங்கள் அவற்றை வெளியிடுகின்றன. 1950களில் எழுதிய நாவலின் உள்ளே ‘முதற்பதிப்பு 2012’ என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். முன்னுரைக்குக் கீழே ஆசிரியர் போட்டிருக்கும் தேதி, எந்தப் பத்திரிகையில் எப்போது தொடராக வந்தது என்ற குறிப்பு, இவைதான் நம்பத் தகுந்தவை.

பதிப்பகங்கள் வெவ்வேறாக இருப்பதால் இன்னொரு சிக்கலும் வரும். ஒருவர் ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாகத் தைத்து விற்பார். இன்னொருவர் ஐந்து புத்தகங்களாகப் போடுவார். வேறொருவர் இரண்டு தொகுதிகளாக்குவார். ஒரு பதிப்பின் முதல் தொகுதியையும் வேறு பதிப்பின் இரண்டாம் பாகத்தையும் வாங்கிவிட்டு, படித்த அத்தியாயங்களே திரும்ப வருவதைக் கண்டு விழிப்பவர்கள் உண்டு. தொகுதி எண்ணை விட்டுவிடுங்கள். பாகத்தின் பெயரையும் அத்தியாயத்தின் தலைப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம்: இந்த ஐந்து பெயர்களும் எந்தப் பதிப்பிலும் மாறுவதில்லை.

மின்னூல் கடைகளில் தொடர் எண்களுக்கு நடுவே 0.5, 1.5 என்று பின்னங்கள் தென்படும். அவை பெரும்பாலும் இடையில் எழுதிச் சேர்த்த சிறுகதைகள் அல்லது குறுநாவல்கள். முதல் வாசிப்பில் அவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம். 0.5 என்று இருப்பதால் அதிலிருந்து தொடங்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

வெளிவந்த வரிசையா, கதை நடக்கும் வரிசையா?

வாசகர்கள் அதிகம் மல்லுக்கு நிற்பது இந்த இடத்தில்தான். என் பக்கத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: முதல்முறை படிக்கிறவர் வெளிவந்த வரிசையில்தான் படிக்க வேண்டும். காரணத்தை ஒரு தெருவிளக்கை வைத்து விளக்குகிறேன்.

சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகள் ஏழு. 1950இல் முதலில் வந்தது ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’. லூசி என்ற சிறுமி ஒரு பழைய வீட்டின் துணி அலமாரிக்குள் புகுகிறாள். கம்பளிக் கோட்டுகளை விலக்கிக்கொண்டே போகிறாள், காலடியில் பனி நொறுங்குகிறது, எதிரே காடு, அந்தக் காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. தெருவே இல்லாத இடத்தில் தெருவிளக்கு எப்படி வந்தது? அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் அந்த உலகம் நமக்குத் திறக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1955இல், ஆறாவது புத்தகமாக ‘தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’ வந்தது. நார்னியா எப்படித் தோன்றியது என்பதைச் சொல்லும் கதை. கால வரிசைப்படி இதுதான் முதலாவது. இன்று விற்கும் பல பதிப்புகளில் இதற்குத்தான் ஒன்றாம் எண் போட்டிருக்கிறார்கள். அதன்படி படித்தால் அந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்பது லூசி அலமாரியைத் திறப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்கும். அவள் வியந்து நிற்பாள்; நாம் தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல் தலையசைத்துவிட்டுப் போவோம்.

புத்தகங்களே இதற்குச் சாட்சி சொல்கின்றன. 1950இன் புத்தகத்தில் அஸ்லான் என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழும்போது, அது யாரென்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்ற பொருளில் கதைசொல்லி பேசுகிறார். ஆறாவதாக வந்த புத்தகமோ, நம் உலகத்துக்கும் நார்னியாவுக்கும் இடையிலான போக்குவரத்து எப்படித் தொடங்கியது என்பதைக் காட்டுவதால் இது முக்கியமான கதை என்று ஆரம்பிக்கிறது. நார்னியாவை ஏற்கெனவே அறிந்தவரிடம் மட்டுமே அப்படிப் பேச முடியும். மறுபக்கத்தின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: கால வரிசையே தனக்குப் பிடிக்கிறது என்று ஒரு சிறுவன் எழுதியபோது, அதை ஆதரித்தே லூயிஸ் 1957இல் பதில் எழுதினார், எந்த வரிசையில் படித்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை என்பதும் அவர் எண்ணம். ஆசிரியரின் சொல்லைவிட அவர் எழுதிவைத்த பக்கம் எனக்குப் பெரிது. பக்கம் யாரை நோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள். அந்த நிலையில் இருந்துகொண்டு படியுங்கள்.

தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கல்கியே. ‘பார்த்திபன் கனவு’ 1941–42இலும் ‘சிவகாமியின் சபதம்’ 1944–46இலும் தொடராக வந்தன. ஆனால் கதை நடக்கும் காலம் தலைகீழ். சிவகாமியின் சபதத்தில் இளைஞனாக நாம் பார்க்கும் நரசிம்மவர்மர், பார்த்திபன் கனவில் முதிர்ந்த சக்கரவர்த்தி. எதை முதலில் படிப்பது?

பார்த்திபன் கனவை முதலில் படியுங்கள் என்பேன். இரண்டில் சிறியது அது. கல்கியின் நடை பழகுவதற்கு ஏற்றது. ஒருவர் உண்மையில் யார் என்பதை அதில் கல்கி நெடுநேரம் மூடி வைத்திருக்கிறார். பெரிய நாவலைப் படித்துவிட்டு வருகிறவருக்கு அந்தக் குட்டு சீக்கிரம் உடைந்துவிடும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. சக்கரவர்த்தியின் கம்பீரத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, பிறகு சிவகாமியின் சபதத்துக்குள் போகும்போது, இந்த இளைஞன் எப்படிப்பட்ட மனிதனாக முதிரப்போகிறான் என்பது தெரிந்தே படிக்கிறோம். அவன் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் கனம் கூடிவிடுகிறது. எதிர் வரிசையில் படிப்பவருக்கும் ஒரு பலன் இருக்கிறது, மறுக்கவில்லை: காலம் நேராக ஓடும், வாதாபிப் போருக்குப் பின் என்ன நடந்தது என்ற கேள்விக்குத் தொடர்ச்சியாகப் பதில் கிடைக்கும். இரண்டாவது வாசிப்பை அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே விதியாக்கினால், முன்கதையாகப் பின்னால் எழுதியதைப் பின்னால்தான் படிக்க வேண்டும். ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையில் மூல நூல்கள் மூன்றும் 1951 முதல் 1953க்குள் வந்தவை. அதற்கு முந்தைய காலத்தைச் சொல்லும் ‘ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன்’ வந்தது 1988இல். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி. டோல்கீனிடம் வருகிறவர்கள், உலகம் படைக்கப்பட்டதிலிருந்து தொடங்குகிறதே என்று ‘தி சில்மரில்லியன்’ நூலை முதலில் எடுத்துவிட்டு, பெயர்களின் குவியலில் மூச்சுத் திணறி, அந்த ஆசிரியரையே கைவிடுகிறார்கள். அது அவர் மறைந்த பிறகு, 1977இல் வெளியான நூல். ‘தி ஹாபிட்’ (1937), பிறகு ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, அதன்பிறகும் அந்த உலகை விட்டு வர மனமில்லை என்றால் மட்டும் சில்மரில்லியன்.

துப்பறியும் தொடர்களில் கவனிக்க வேண்டியவை

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று மேலே சொன்னேன். அதற்குச் சில விலக்குகள் இருக்கின்றன, முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் போய்ரோ வரும் நாவல்களில் முதலாவது ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’, 1920இல் வந்தது. கடைசியாக வர வேண்டும் என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்த ‘கர்டன்’ 1975இல்தான் வெளியானது. இரண்டும் ஒரே வீட்டில் நடக்கின்றன. இடையில் உள்ளவற்றை எப்படிக் கலைத்துப் போட்டுப் படித்தாலும் சரி, ‘கர்டன்’ மட்டும் கடைசியில் இருக்கட்டும். முதல் நாவலையும் இன்னும் ஏழெட்டையும் படித்துவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது ஏற்படும் உணர்வை, அதை முதலில் எடுப்பவர் பெற வழியே இல்லை. இன்னொரு எச்சரிக்கை: 1937இல் வந்த ‘டம்ப் விட்னஸ்’ நாவலில், பேச்சோடு பேச்சாக, முந்தைய சில நாவல்களின் கொலையாளிகளைப் போய்ரோ பெயர் சொல்லியே குறிப்பிட்டுவிடுகிறார். அதற்கு முன் வந்த பிரபலமான நாவல்களை முடித்துவிட்டு அதைத் தொடுங்கள்.

ஷெர்லக் ஹோம்ஸ் நாவல்கள் நான்கு, சிறுகதைகள் 56. சிறுகதைத் தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. ஹோம்ஸின் சுறுசுறுப்பு சிறுகதையில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. வரிசை மாறக் கூடாத இடம் ஒன்றுதான்: ‘தி ஃபைனல் ப்ராப்ளம்’ (1893) படிக்காமல் ‘தி எம்ப்ட்டி ஹவுஸ்’ (1903) படிக்காதீர்கள். அன்றைய வாசகர்கள் அந்த இரண்டுக்கும் நடுவே பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். நீங்கள் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

இத்தகைய தொடர்களில் முதல் புத்தகம் சுமாராக இருப்பது சகஜம். எழுத்தாளரும் அப்போதுதான் தன் நாயகரைப் பழகிக்கொண்டிருக்கிறார். முதலாவது பிடிக்கவில்லை என்பதற்காகத் தொடரையே தள்ளிவிடாமல், நாலாவது அல்லது ஐந்தாவதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் பாகம் கிடைக்கவில்லையே?

ஒரே கதையின் பாகங்கள் என்றால் காத்திருங்கள். இதில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். நூலகத்தில் பெயர் எழுதி வைத்துவிட்டு, அதுவரை வேறொன்றைப் படியுங்கள். பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயத்தில் கல்கி வாசகரைக் கற்பனை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு காலவெள்ளத்தில் பின்னோக்கிப் போகிறார். ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிறான். அவன் கண்ணால்தான் சோழநாட்டையே நாம் பார்க்கக் கற்றுக்கொள்கிறோம். நான் அந்த ஓடத்தில் ஏறாமல் நடுக்கடலில் குதித்தவன். ‘கொலை வாள்’ படித்தபோது வந்தியத்தேவன் ஏன் எல்லோருக்கும் இவ்வளவு வேண்டியவன் என்பது எனக்குப் புரியவே இல்லை.

தெரியாமல் நடுப்பாகத்தை ஆரம்பித்துவிட்டீர்களா? ஐம்பது பக்கத்துக்குள் என்றால் நிறுத்திவிடுங்கள். அவ்வளவு ஒன்றும் கெட்டுவிடவில்லை, மறந்துவிடும். பாதி தாண்டிவிட்டதென்றால் முடித்துவிட்டு, அடுத்ததற்குப் போகாமல் முதலாவதுக்குத் திரும்புங்கள்.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்

வரிசையைக் காப்பாற்றிவிட்டு இங்கே கோட்டை விடுகிறவர்கள் ஏராளம். அணிந்துரை எழுதுகிறவர் நாவலில் தன்னை உலுக்கிய காட்சியைப் பற்றித்தான் எழுதுவார். அது பெரும்பாலும் யாரோ ஒருவரின் மரணமாக இருக்கும். நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார், ஆனால் கதையைப் போட்டுடைத்துவிடுகிறார். முன்னுரை, அணிந்துரை எல்லாவற்றையும் தாண்டி நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். நாவலை முடித்துவிட்டுத் திரும்பி வந்து படித்தால், அவரோடு உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும்.

பின்னட்டையும் அப்படித்தான். நான்காம் பாகத்தின் பின்னட்டை வாசகம் முதல் மூன்று பாகங்களின் முடிவையும் இரண்டு வரியில் சொல்லிவிடும். மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்கிறவர்கள் பின்னட்டை சுவரைப் பார்க்கும்படி அடுக்குங்கள். உள்ளடக்கப் பக்கத்தில் வரும் அத்தியாயத் தலைப்புகளையும் மேயாதீர்கள். சில தலைப்புகளே போதும், என்ன நடக்கும் என்று ஊகித்துவிடலாம்.

நீண்ட தொடரில் தொலைந்துபோகாமல் இருக்க

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை வந்த காலத்தில் ‘முன்கதைச் சுருக்கம்’ என்று ஒரு பெட்டி போடுவார்கள். புத்தகமான பிறகு அந்தப் பெட்டி போய்விட்டது. அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பாகம் முடிந்ததும் பத்து வரி எழுதி அந்தப் புத்தகத்துக்குள்ளேயே ஒரு தாளில் செருகி வையுங்கள்: யார் எங்கே இருக்கிறார், யாருக்கு என்ன ரகசியம் தெரியும், எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த பாகத்தை ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் அந்தத் தாளும் முந்தைய பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களும் போதும்.

பெயர்களுக்குத் தனித் தாள் வேண்டும். சரித்திர நாவல்களில் ஒரே ஆளுக்கு இயற்பெயர், பட்டப்பெயர், செல்லப்பெயர் என்று மூன்று நான்கு இருக்கும். அருள்மொழிவர்மரும் பொன்னியின் செல்வரும் ஒருவரே என்பது பிடிபடுவதற்குள் குழம்புகிற புது வாசகர்கள் உண்டு.

ஜெயமோகனின் ‘வெண்முரசு’ மகாபாரதத்தை 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக விரித்த தொடர். இங்கே வரிசை வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது. குருக்ஷேத்திரத்தில் யார் வெல்வார் என்பது தெரியாத வாசகர் இல்லை. போட்டுடைக்க எதுவும் மிச்சமில்லை. ஆனால் தலைமுறைகளும் மொழியும் நமக்குப் பழக வேண்டும். ‘முதற்கன’லில் தொடங்கினால் இரண்டும் படிப்படியாகக் கைவரும். நான்காவதான ‘நீலம்’ ராதையும் கண்ணனுமாகத் தனித்து நிற்கக்கூடியது. ஆனால் அது உரைநடையும் பாட்டும் கலந்த மொழி. முதல் மூன்றும் படித்துக் காது பழகியவருக்கு அது திறந்துகொள்ளும். 26ஐயும் முடித்தே தீர வேண்டும் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு நாவல், பிறகு வேறு ஆசிரியர் ஒருவர், பிறகு அடுத்த நாவல் என்று போனால்தான் களைப்பு வராது.

வரிசையே இல்லாத இடம்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. அதன் முடிவு ஒரு கேள்வியில் நிற்கிறது. அந்தக் கேள்விக்கு அவர் பின்னர் இரண்டு நாவல்களில் இரண்டு விதமாகப் பதில் எழுதினார்: ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’. இரண்டும் ஒரே முனையிலிருந்து எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. ஒன்று மற்றதன் தொடர்ச்சி இல்லை என்பதால் எதை முதலில் எடுத்தாலும் பிழையில்லை. மாதொருபாகனை முடித்ததும் உடனே அடுத்ததைத் திறக்காமல், அந்தப் பாத்திரங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே சில நாள் யோசியுங்கள். உங்கள் மனம் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறதோ, அதற்கு மாறானதை முதலில் படியுங்கள் என்பது என் யோசனை.

குழந்தைகள் விஷயத்தில் இந்த விதிகள் எதையும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆறாவது புத்தகத்தின் அட்டைப்படம் பிடித்திருக்கிறது என்று ஒரு குழந்தை கேட்டால் ஆறாவதையே கொடுங்கள். படிக்கும் ஆசை வரிசையைவிடப் பெரியது. பிடித்துவிட்டால் அந்தக் குழந்தையே முதலாவதைத் தேடிப் போகும்.

ஆசிரியர் நிறுத்திய இடத்திலிருந்து வேறொருவர் தொடர்ந்து எழுதிய நாவல்களை மூலத்தோடு ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். பொன்னியின் செல்வனின் கடைசியில் கல்கியே ஒரு முடிவுரை எழுதி, இன்னாருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்ட வாசகர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அதைக் கட்டாயம் படியுங்கள், நாவல் முடிந்த அன்றே. அதன்பின் விக்கிரமன் எழுதிய ‘நந்திபுரத்து நாயகி’ அந்தக் கதையை மேலே கொண்டுபோகிறது. அதை எடுப்பதற்கு முன் ஒரு மாதமாவது போகட்டும். கல்கியின் குரல் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பேசினால், அவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் நமக்குக் கேட்காது.